நூலை எடுத்துக் கொடுக்கும் கலை

நூல் நிலையத்துக்கு வந்த ஒருவர், நூல் வழங்கும் மேசைக்கு முன் நின்று, “படிப்பதற்கு நல்ல நூலாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்கிறார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்ன செய்வார்? பட்டியலைக் காட்டி, “வேண்டியதைப் பார்த்து எழுதித் தாருங்கள்” என்று சொல்லலாம். கைக்கெட்டிய ஒன்றை எடுத்து நீட்டலாம். தமக்குப் பிடித்த நூலை வானளாவப் புகழ்ந்து வந்தவர் தலையில் கட்டலாம். இம்மூன்றும் எங்கும் நடப்பவையே. ஆயினும் இம்மூன்றிலும் கேட்டவருக்கு விடை கிடைக்கவில்லை.

‘நல்ல நூல்’ என்று அவர் சொன்னது எதனை? உழைத்துக் களைத்தவருக்கு ஓய்வு தரும் கதையையா? தொழிலில் முன்னேற உதவும் நூலையா? துயரத்தில் ஆறுதல் அளிப்பதையா? அதனை அவரிடமே பேசி அறிந்து, அதற்கேற்ற நூலை நினைவுக்குக் கொண்டு வந்து, அவர் மனம் நோகாத வண்ணம் கையில் கொடுப்பது ஒரு கலை. அதில் தவறினால், வந்தவர் கோபித்துக் கொள்வதில்லை, முறையீடு செய்வதுமில்லை. மறுமுறை வராமல் இருந்து விடுகிறார். அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இக்கலை பிறவியில் வாய்ப்பது, பிறர்க்குப் பயிற்றிக் கொடுக்க இயலாதது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பயிற்ற இயலும் என்று கண்டு, அதற்கென வழிமுறை வகுக்க முயன்றோரின் வரலாறு ஏறத்தாழ 150 ஆண்டுகள் கொண்டது. அவ்வரலாற்றின் நடுவில் ஒரு தமிழர் நிற்கிறார். அவர் நூலகராவதற்கு முன் கணித ஆசிரியராக இருந்தவர் என்பது ஆசிரியர் உலகம் நினைவிற் கொள்ளத்தக்கது.

காவலர் இருந்த காலம்

பழைய நூல் நிலையங்களில் நூலைக் காப்பதே முதற்கடமையாக இருந்தது. கையால் எழுதப்பட்ட நூல்கள் அரியவை. ஒன்று தொலைந்தால் அதற்கு ஈடாக மற்றொன்று கிடைப்பது எளிதன்று. ஐரோப்பியக் கல்லூரிகளிலும் மடங்களிலும் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்த வழக்கம் இக்காரணத்தாலேயே பல நூற்றாண்டுகள் நீடித்தது. அச்சுப்பொறி வந்து நூல்கள் பெருகிய பின்னரும் அந்தக் காவல் மனப்பான்மை எளிதில் அகலவில்லை.

இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகப் பொது நூல் நிலையங்கள் தோன்றின. அங்கும் வாசகர் அலமாரியை நெருங்க முடியாது. மேசைக்கும் வாசகருக்கும் இடையே ஒரு பெரும்பலகை நிற்கும். அதில் நூல்களின் எண்கள் வரிசையாக இருக்கும். நூல் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பதை நிற வேறுபாடு காட்டும். வாசகர் பட்டியலைப் பார்த்து, எண்ணைக் குறித்து, பலகையில் நிறத்தைக் கண்டு, சீட்டை நீட்டுவார். பணியாளர் அந்த எண்ணுள்ள நூலைக் கொண்டு வந்து தருவார். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். நூலைப் படித்திருக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நூலை அறியாதவரும் வாசகரை அறியாதவரும் கூட அப்பணியைக் குறைவின்றிச் செய்யலாம்.

1894-ஆம் ஆண்டில் இலண்டனின் கிளார்க்கன்வெல் பகுதி நூல் நிலையத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்ற நூலகர் அப்பலகையை அகற்றி, வாசகர் நேரே அலமாரிக்குச் செல்ல இசைவு தந்தார். திருட்டு மிகும், நூல்கள் இடம் மாறிக் குழம்பும் என்று சக நூலகர் பலர் எதிர்த்தனர். அம்மாற்றம் மெல்லப் பரவியது. அதனால் விளைந்த பயன் ஒன்றை ஈண்டுக் குறிக்க வேண்டும். வாசகர் அலமாரிகளின் நடுவே வந்துவிட்டார். ஆயிரக்கணக்கான நூல்களைக் கண்டு திகைத்து நிற்கிறார். இனி அவருக்கு வேண்டியவர் காவலர் அல்லர், வழிகாட்டி. அந்த வழிகாட்டியை எங்கே பெறுவது என்பது அடுத்து எழுந்த கேள்வி.

ஊஸ்டர் நகரத்து நூலகர்

அமெரிக்காவில் இக்கேள்வி இதற்கு முன்பே எழுந்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் என்பது ஒரு தொழில் நகரம். அதன் பொது நூல் நிலையத்தின் தலைவராக இருந்தவர் சாமுவேல் ஸ்வெட் கிரீன். 1876-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நூலகர்கள் கூடி அமெரிக்க நூலகச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அக்கூட்டத்தில் கிரீன் படித்த கட்டுரை, நூலகருக்கும் வாசகருக்கும் இடையே இருக்க வேண்டிய நேர்முக உறவைப் பற்றியது. அப்பொருள் பற்றி முதன்முதலில் தெளிவாகப் பேசிய கட்டுரை அதுவே என்று நூலகத் துறையினர் மதிக்கின்றனர்.

பட்டியலைக் கொடுத்துவிட்டால் வாசகர் தாமே நூலைக் கண்டுகொள்வார் என்பது பொய்யான நம்பிக்கை என்றார் கிரீன். பட்டியலைப் பார்க்கப் பழகாத கைவினைஞர்களும் மாணவர்களும் அவருடைய நூல் நிலையத்துக்கு நாள்தோறும் வந்தனர். வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவதைக் கடைக்காரர் எங்ஙனம் விரும்பமாட்டாரோ, அங்ஙனமே கேட்டவர் விடை பெறாமல் திரும்புவதை நூலகரும் விரும்பலாகாது என்பது அவர் கருத்து.

ஆயினும் அவர் சில எல்லைகளையும் வகுத்தார். அரசியல், சமயம் முதலியவற்றில் நூலகர் தம் கொள்கையை வாசகர் மீது திணிக்கலாகாது. எல்லாவற்றையும் தாமே தேடிக் கொடுத்து வாசகரைப் பிறர் கையை எதிர்பார்ப்பவராக ஆக்கிவிடவும் கூடாது. கதைப் பிரியர் வந்தால், அவர் விரும்பும் வகையிலேயே அவரால் சுவைக்கக் கூடிய சிறந்த நூலைக் கொடுக்க வேண்டும். அவருக்கு எட்டாத நூலைக் கொடுத்துத் துரத்திவிடக் கூடாது. இன்று நூல் நிலையப் பணியாளர்க்குச் சொல்லப்படும் அறிவுரைகளுள் பாதி அன்றே கூறப்பட்டு விட்டது. ஆனால் கிரீன் தம் அனுபவத்தைச் சொன்னாரேயன்றிப் பிறர்க்குப் பயிற்சியளிக்கப் பள்ளி எதனையும் அமைக்கவில்லை.

சேமிப்பறையில் தொடங்கிய பள்ளி

பள்ளி அமைத்தவர் மெல்வில் டூயி. நூல்களைப் பத்துப் பத்தாகப் பகுக்கும் முறையை வகுத்தவர் இவரே. நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் நூலகராயிருந்த டூயி, 1887-ஆம் ஆண்டு சனவரியில் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்தவர் இருபதின்மர், அவருள் பதினெழுவர் பெண்கள். பெண்களைச் சேர்க்கக் கல்லூரி ஆட்சியாளர் விரும்பவில்லை, வகுப்பறையும் தரவில்லை. டூயி ஒரு சேமிப்பறையைத் துப்புரவு செய்து, அங்கேயே வகுப்பை நடத்தினார். ஈராண்டில் அப்பள்ளி கல்லூரியை விட்டு நீங்கி, 1889-இல் ஆல்பனி நகருக்குப் பெயர்ந்தது.

அப்பள்ளியில் கற்பித்தவை எவை? நூலைப் பகுத்தல், அட்டவணைச் சீட்டு எழுதுதல், நூல் வாங்குதல், கட்டடம் கட்டுதல், கணக்கு வைத்தல் முதலியன. சீட்டுகள் எங்கும் ஒரேவிதமாக இருக்க வேண்டுமென்று நூலகர் கையெழுத்து என ஒரு தனி எழுத்து முறையும் பயிற்றப்பட்டது. இவை எல்லாம் வேண்டியவையே. இவற்றின் பயனாக நூல் நிலைய வேலை ஒரு தொழிலாக மதிக்கப்பட்டது. பெண்களுக்கும் அத்தொழிலின் வாயில் திறந்தது. ஆனால் வாசகரோடு எப்படிப் பேசுவது, அவர் சொல்லாமல் விட்டதை எப்படி அறிவது என்பன போன்றவை பெரிதும் அவரவர் இயல்புக்கே விடப்பட்டன. எழுத்தின் வடிவைத் திருத்தலாம், தேர்வு வைத்து மதிப்பெண் இடலாம். பேச்சின் பண்புக்கு எப்படி மதிப்பெண் இடுவது? பாடத்திட்டம் வகுப்போர்க்கு எந்நாளும் உள்ள இடர்ப்பாடு இது.

பெயர் எழுதிய பட்டியல்

முதலாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் முதியோர் கல்வி இயக்கம் வலுப்பெற்றது. பள்ளியை இளமையிலேயே விட்டு வேலைக்குச் சென்றவர்கள் மாலை நேரத்தில் நூல் நிலையம் வந்து தாமே கற்க விரும்பினர். 1920-களின் தொடக்கத்தில் டெட்ராயிட், சிக்காகோ, மில்வாக்கி முதலிய நகரங்களில் ‘வாசகர் ஆலோசகர்’ என்ற புதுப்பணி தோன்றியது. அமெரிக்க நூலகச் சங்கம் 1925 முதல் 1933 வரை, நோக்கத்தோடு படித்தல் என்ற கருத்தில் அறுபதுக்கு மேற்பட்ட சிறு நூல்களை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு துறை வல்லுநரின் முன்னுரையும், வரிசையாகப் படிக்க வேண்டிய சில நூல்களின் பெயரும் இருக்கும்.

இப்பணியில் பெயர் பெற்றவர் ஜென்னி பிளெக்ஸ்னர் அம்மையார். 1929-இல் நியூயார்க் பொது நூல் நிலையத்தில் வாசகர் ஆலோசனைப் பகுதி இவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. வருபவரை அமரச் செய்து, அவர் படிப்பு, தொழில், விருப்பம் ஆகியவற்றைப் பேசி அறிவார்கள். பின்னர் அவர் ஒருவருக்கென்றே ஒரு நூற்பட்டியல் ஆயத்தமாகும். 1930-களில் ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர்க்கும், புதிய நாட்டின் மொழியையும் வாழ்க்கையையும் அறிந்துகொள்ள ஏற்ற நூல்கள் இங்ஙனம் தேர்ந்து தரப்பட்டன. 1934-ஆம் ஆண்டிலும் 1941-ஆம் ஆண்டிலும் பிளெக்ஸ்னர் பிறரோடு சேர்ந்து இப்பணி பற்றி நூல்கள் எழுதினார். ஆலோசகர் எப்படி உரையாடுகிறார், எப்படித் தேர்கிறார் என்பவை எழுத்தில் வந்தமையால், பிறரும் அவற்றைப் பார்த்துப் பழக வழி பிறந்தது.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒருவருக்கு ஒரு பட்டியல் ஆயத்தம் செய்யப் பல மணி நேரம் பிடித்தது. கூட்டம் மிகுந்தபோது சிலரே பயன் பெற முடிந்தது. மற்றொன்று, வந்தவரை உயர்த்த வேண்டும் என்ற ஆசை. அவர் எதை விரும்புகிறார் என்பதைவிட, எதைப் படித்தால் மேன்மை அடைவார் என்பதே ஆலோசகர் மனத்தில் முன் நின்றது. மகிழ்ச்சிக்காகப் படிப்பதைப் படியின் கீழ்ப்படியாகவே கருதினர். 1940-களில் இப்பணி பல நகரங்களில் தேய்ந்து போயிற்று.

சென்னையில் ஒரு கணித ஆசிரியர்

இந்தியாவில் நூலகப் பயிற்சிக்கு முதலில் வழி செய்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ். அவர் அழைப்பின் பேரில் 1910-இல் வந்த அமெரிக்கர் வில்லியம் போர்டன் அங்கு 1911-இல் வகுப்புகளைத் தொடங்கினார். 1915-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் மற்றொரு அமெரிக்கராகிய ஆசா டான் டிக்கின்சன் பயிற்சி அளித்தார். இவ்விரண்டும் அமெரிக்க முறையைத் தழுவியவை. தென்னாட்டில் எழுந்த முயற்சி வேறு வகையில் அமைந்தது.

சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். வகுப்பில் ஒருவரே பேச, மற்றவர் எழுதிக் கொள்ளும் முறையில் அவருக்கு நிறைவு இல்லை. மாணவரை நூல் நிலையத்துக்கு அனுப்பிப் படித்து வரச் செய்து, ஒவ்வொருவரோடும் தனித்துப் பேசி ஐயம் தீர்ப்பது அவர் கையாண்ட முறை.

1924 சனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். அப்பதவி அவருக்குச் சிறை போல் தோன்றியது. வருவோர் சிலர், பேச ஆள் இல்லை. சில நாளிலேயே, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுமாறு கல்லூரித் தலைவரிடம் சென்று வேண்டினார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்த பின்னும் பிடிக்கவில்லையாயின் திரும்பி வரலாம் என்று ஏற்பாடாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் இலண்டன் சென்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919-இல் தொடங்கப்பட்டிருந்த நூலகப் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் நகரப் பொது நூல் நிலையத்தின் தலைவரும் இவரே. சேயர்சின் அறிவுரைப்படி இரங்கநாதன் வகுப்பில் அமர்ந்திருந்ததைவிட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்ததே மிகுதி. நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கண்டார். குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் நூல் நிலையத்தில் உரிமையோடு நடமாடுவதைப் பார்த்தார். சென்னையில் தம்மை வாட்டிய தனிமைக்குக் காரணம் நூல் நிலையம் அன்று, அதை நடத்திய முறையே என்பது அவருக்கு விளங்கியது. 1925-இல் திரும்பி வந்தவர் வகுப்பறையை நாடவில்லை.

அலமாரிகளின் நடுவே

திரும்பியதும் அவர் அலமாரிகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூல் நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928 சனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அவர் அதன் செயலாளரானார். அவ்வாண்டில் ஒரு மாலைப் பொழுதில், தம் பழைய கணிதப் பேராசிரியர் எட்வர்டு இராசுவோடு பேசிக் கொண்டிருந்தபோது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்ற முதல் விதி உருவாயிற்று. அதிலிருந்து மற்ற நான்கும் கிளைத்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் காலத்தைக் காத்தல். நூல் நிலையம் வளரும் உயிர் என உணர்தல். இவ்வைந்து விதிகளை விளக்கும் நூலைச் சென்னை நூலகச் சங்கம் 1931-இல் வெளியிட்டது.

இவ்விதிகளைப் பலர் முழக்கமாக ஓதுவர். பணியாளர் பயிற்சி என்ற நோக்கில் பார்க்கும்போதே அவற்றின் கூர்மை தெரியும். இரண்டாம் விதி, பணியாளர் மனிதரை அறிய வேண்டும் என்கிறது. மூன்றாம் விதி, நூல்களை அறிய வேண்டும் என்கிறது. அதுவும் எல்லாரும் கேட்கும் பத்து நூல்களை மட்டும் அன்று, தூசி படிந்து மூலையில் கிடக்கும் நூலையும் அறிந்து, அதனை விரும்பக் கூடியவர் வரும்போது எடுத்து நீட்ட வேண்டும். கேட்பாரற்ற நூலுக்காகப் பரிந்து பேசி அதற்கு ஆள் சேர்ப்பதும் நூலகரின் கடமையே என்பது இரங்கநாதன் கொள்கை. நான்காம் விதியோ இவ்விரண்டையும் விரைந்து செய்யச் சொல்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை எழுப்பி அலமாரிகளின் நடுவே நிறுத்திவிடும்.

1929-இல் சங்கம் கோடைக் காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அப்பள்ளியை ஏற்று நடத்தலாயிற்று. 1937-இல் அது பட்டம் பெற்றோர்க்குரிய பட்டயப் படிப்பாக உயர்ந்தது. அங்கும் பகுப்பு முறையும் அட்டவணை முறையும் கற்பிக்கப்பட்டன. இரங்கநாதனே வகுத்த கோலன் பகுப்பு முறை 1933-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் பார்வையில் பகுப்பும் பட்டியலும் முன்னேற்பாடுகள்; நூலையும் வாசகரையும் நேரில் இணைத்து வைக்கும் தொண்டே அவற்றின் பயன். சமையல் அறையில் எத்துணை வேலை நடந்தாலும் விருந்தினர் இலையில் சோறு விழுந்தால்தானே பசி தீரும்?

1940-ஆம் ஆண்டையொட்டி அவர் தம் உதவியாளரோடு எழுதிய நூலில் இத்தொண்டை நான்காகப் பிரித்தார். முதலாவது, புதிதாக வந்தவரை நூல் நிலையத்துக்குப் பழக்குதல். இரண்டாவது, இன்னது வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் வரும் பொது வாசகருக்கு உதவுதல். மூன்றாவது, ஓர் ஆண்டு, ஒரு பெயர், ஒரு செய்தி என உடனே சொல்லக் கூடியதைச் சொல்லுதல். நான்காவது, நாட்கணக்கில் தேட வேண்டியதை வாசகரோடு சேர்ந்து தேடுதல். இவற்றுள் இரண்டாவதே கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட ‘நல்ல நூல் கொடுங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு உரிய இடம். அதற்கு ஒரு தனிப் பெயரும் தனி இடமும் கொடுத்துப் பாடமாக்கியதில்தான் இரங்கநாதனின் சிறப்பு உள்ளது. பெயர் இல்லாத வேலையைப் பயிற்ற முடியாது. பெயர் வந்த பின்னரே அதைப் பற்றிப் பேசவும், செய்ததைத் திருத்தவும் முடியும்.

வகுப்பறையிலிருந்து அவர் கொண்டு வந்ததும் விட்டு வந்ததும் எவை என்பது ஆராயத்தக்கது. ஒவ்வொரு மாணவனும் தனி, ஒருவனுக்கு ஏற்றது மற்றவனுக்கு ஏலாது என்ற அறிவை அவர் கொண்டு வந்தார். பாடநூல் இது, இதைத்தான் படிக்க வேண்டும் என்று விதிக்கும் அதிகாரத்தை விட்டு வந்தார். வாசகருக்கு உரியது எது என்பதைத் தீர்மானிப்பவர் வாசகரே. நூலகர் அதனைக் கண்டுபிடிக்கத் துணை நிற்பவர்.

இத்தொண்டு நகரத்தோடு நின்றுவிடவில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியால் மாட்டுவண்டி நூல் நிலையம் தொடங்கப்பட்டது. இரட்டை மாடு பூட்டிய வண்டி, நூல்களை ஏற்றிக் கொண்டு ஊர் ஊராகச் சென்றது. வண்டியில் ஏற்றக் கூடிய நூல்கள் சிலவே; எந்த ஊருக்கு எந்த நூல் என்று முன்னமே எண்ணிப் பார்க்காமல் அவ்வண்டியைப் பூட்ட இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்.

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியா விடுதலை பெற்ற பின் அங்கு இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. நூலகங்கள் பெருகின, அவற்றுக்கென வரியும் விதிக்கப்பட்டது. இரங்கநாதன் 1972 செப்டம்பரில் பெங்களூரில் காலமானார். அவர் பெயரோடு இன்று முதலில் நினைவுக்கு வருவது பகுப்பு முறையே. அலமாரிகளின் நடுவே நின்று அவர் கற்பிக்க விரும்பிய தொண்டு அத்துணைப் பேசப்படுவதில்லை. எண் எழுத்தில் அடங்குவது. தொண்டு அங்ஙனம் அடங்குவதன்று.

கேள்வியை மாற்றியவர்கள்

1940-களில் தேய்ந்த வாசகர் ஆலோசனை அமெரிக்காவில் 1980-களில் புத்துயிர் பெற்றது. கலிபோர்னியாவில் நூலகக் கல்வி கற்பித்த பெட்டி ரோசன்பர்க் அம்மையார் 1982-இல் கதை வகைகளைப் பற்றி ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். தாம் விரும்பிப் படிப்பதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. சிக்காகோவை அடுத்த டவுனர்ஸ் குரோவ் நகர நூலகத்தில் பணியாற்றிய ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் என்னும் இருவர் 1989-இல் வெளியிட்ட நூல் பயிற்சி முறையையே மாற்றியது.

இவர்கள் கேட்கச் சொன்ன கேள்வி மிக எளியது: நீங்கள் படித்து மகிழ்ந்த ஒரு நூலைப் பற்றிச் சொல்லுங்கள். வாசகர் சொல்லச் சொல்லப் பணியாளர் கூர்ந்து கேட்பார். அவர் மெச்சுவது கதையின் விரைவையா, மாந்தரின் குணத்தையா, நிகழ்ச்சிப் போக்கையா, கதை நிகழும் காலத்தையும் இடத்தையுமா என்று பிரித்தறிவார். வரலாற்று நாவலை விரும்பியவர் வரலாற்றை விரும்பினார் என்பதில்லை. அதிலுள்ள சதியும் விறுவிறுப்பும் அவரை ஈர்த்திருக்கலாம். அங்ஙனமாயின் அவருக்கு வேண்டியது மற்றொரு மன்னரின் கதையாக இராமல் துப்பறியும் கதையாகவும் இருக்கலாம்.

இதனைப் பழகுவதற்கு வழியும் உண்டு. பணியாளர்கள் தமக்குப் பழக்கமில்லாத வகை நூல்களையும் மாறி மாறிப் படிப்பார்கள். படித்ததைக் கதை முழுவதும் சொல்லாமல், எத்தகைய வாசகருக்கு ஏன் பிடிக்கும் என்று மூன்று நான்கு தொடர்களில் ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பார்கள். அதைக் குறித்து வைத்து அனைவரும் பகிர்ந்து கொள்வார்கள். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று நூல்களை வாசகர் முன் வைத்து, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் கொடுப்பார்கள். இவை எல்லாம் கற்றுக் கொடுக்கக் கூடியவை. பிறவிக் கலை என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது, பழகிப் பெறும் திறனே என்று இவ்வாறு தெளிவாயிற்று. கிரீன் வகுத்த எல்லையும் இரங்கநாதனின் இரண்டாம் விதியும் இங்கே ஒன்று கூடுகின்றன.

நான்கு மொழி மண்ணில்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கத்தில் நூல் நிலையம் என்பது சந்தா செலுத்துவோருக்கும் ஆங்கிலம் அறிந்தோருக்கும் உரியதாக இருந்தது. 1953-இல் வணிகர் லீ கொங் சியான், சிங்கப்பூரில் இலவசப் பொது நூலகம் அமைக்க 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். இந்நாட்டு மக்களின் மொழிகளில் உள்ள நூல்களுக்கும் அங்கு இடம் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. 1960 நவம்பர் 12-ஆம் நாள் ஸ்டாம்போர்டு சாலையில் அந்நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. அக்கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு விட்டது. மொழிகள் நான்குக்கும் இடம் என்ற கொள்கை நிலைத்தது. மலேசியாவில் 1968-இல் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நூலகப் பயிற்சி தொடங்கியது.

பல மொழி வழங்கும் இம்மண்ணில் மேற்கண்ட வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. தமிழ் நூலுக்கு எண் இடவும் அதனை அலமாரியில் அடுக்கவும் தமிழ் படிக்கும் பழக்கம் இல்லாதவராலும் ஒருவாறு முடியும். அந்நூலைப் பற்றி ஒரு வாசகரிடம் எடுத்துரைக்க முடியாது. தமிழ் நூல்களை வாங்கி நிரப்புவதோடு கடமை முடிந்துவிடவில்லை. அவற்றைப் படித்த ஒருவர் அவற்றின் அருகே நிற்க வேண்டும்.

தோட்டப் பள்ளிகளில் தனி நூலகர் இருந்ததில்லை. ஒரே ஓர் அலமாரி. அதன் சாவி ஆசிரியர் கையில். இன்று தமிழ்ப் பள்ளிகளில் நூலகம் வள மையமாக வளர்ந்திருப்பினும், அதன் பொறுப்பு ஓர் ஆசிரியரிடமே இருக்கிறது. 1990-களின் இறுதியில் தொடங்கிய நீலாம் வாசிப்புத் திட்டம், மாணவர் படித்த நூல்களைப் பதிவேட்டில் எழுதச் செய்தது. பதிவேடு எத்தனை நூல் என்று காட்டும். எந்த நூல் எந்தப் பிள்ளையின் மனத்தைத் தொட்டது என்பதை அருகிலிருந்து பேசும் ஆசிரியரே அறிவார். நாற்பது பிள்ளைகளின் பதிவேட்டில் ஒரே நூலின் பெயர் இருக்குமாயின், அலமாரிக்கு அருகே எவரும் நிற்கவில்லை என்று பொருள்.

சீர்காழிக் கணித ஆசிரியர் தொடங்கி வைத்த பணிக்குப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. பள்ளியில் உள்ள நூல்களுள் திங்களுக்கு நான்கையேனும் ஆசிரியர் தாமே படிப்பது. அவற்றை எந்தப் பிள்ளை விரும்பும் என்று எண்ணிப் பார்ப்பது. இதுவரை படித்ததில் எது பிடித்தது என்று அப்பிள்ளையிடம் கேட்டு, விடையை முழுதும் கேட்பது. கேட்ட பின் அலமாரியைத் திறந்து நூலை எடுக்கலாம்.